இழுத்தால் நகரும் ரயில்

ஜனவரி 19, ஞாயிறு

எனக்கு ஒரு புதுக் கிறுக்குப் பிடித்திருக்கிறது. இவர் தன் பழைய போனை எனக்குக் கொடுத்திருக்கிறார். சிம் கிடையாது. இவர் வீட்டில் இருக்கும்போது வைஃபை வரும், அப்போது வீடியோ பார்த்துக்கொள்ளலாம். அதில் ஒரு வெள்ளைக்காரம்மா தான் போக ஆசைப்படும் ஊர்களை ஒரு நோட்டில் பக்கம் பக்கமாகச் செய்கிறாள். ஆர்ட் ஜர்னல் என்று பெயராம். சும்மா வரைவதில்லை. தள்ளினால் ஜன்னல் திறக்க வேண்டும், இழுத்தால் படகு நகர வேண்டும், சுற்றினால் சூரியன் உதிக்க வேண்டும். பெயிண்ட், துணி, பழைய காகிதம், பொத்தான் என்று கையில் கிடைத்ததையெல்லாம் ஒட்டலாம்.

அவள் அதற்கு நாலைந்து மெஷின் வைத்திருக்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிவகாசியில் கல்யாணப் பத்திரிகை ஒட்டும் வேலையில் நாலு வருஷம் குப்பை கொட்டியவள் நான். திறந்தால் பிள்ளையார் எழுந்து நிற்கிற அட்டையைக் கண்ணை மூடிக்கொண்டு மடிப்பேன். இந்த டைரியே நான் கல்யாணத்துக்கு முந்தின வாரம் என் கையால் ஒட்டியதுதான். அட்டை கோணலாகிவிட்டது, அதனால் முதலாளி எனக்கே கொடுத்துவிட்டார்.

இவரிடம் கேட்டேன். கலர், தூரிகை, பசை, தடித்த நோட்டு எல்லாம் மறுநாளே வாங்கி வந்துவிட்டார். கேட்டதை வாங்கிக் கொடுக்காத மனுஷன் இல்லை. கத்திரிக்கோல் மட்டும் இவர் இருக்கும்போதுதான். மற்ற நேரம் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார். தனியாக இருக்கும்போது கையைக் கிழித்துக்கொள்வேனாம்.

ஜனவரி 22, புதன்

முதல் பக்கம் முடிந்தது. கன்னியாகுமரி. டீத்தூள் தண்ணீரில் நனைத்துக் காயவைத்த காகிதம் மணல், என் பழைய ஜாக்கெட்டின் நீலத் துணி கடல். ஒரு பொத்தானில் நூலைக் கோத்துச் சக்கரம் செய்தேன். சுற்றினால் சூரியன் மேலே வருகிறது. கத்திரிக்கோல் இல்லாததால் ஸ்கேலை அழுத்திப் பிடித்துக் கிழித்தேன். அலைக்குக் கிழிசல்தான் அழகாக இருக்கிறது.

இவர் டியூட்டி முடிந்து வந்ததும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார், சக்கரத்தைச் சுற்றினார். ரொம்ப நேரம் சுற்றினார். “நல்லா இருக்கு. கடல் மேல அவ்ளோ ஆசையா உனக்கு?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். யாரோடு போயிருக்கிறேன் என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் கூட்டிப் போனார்கள் என்றேன். அப்புறம் யார் யார் வந்தார்கள் என்று கேட்டுக்கொண்டே சாப்பிட்டார். பதினைந்து வருஷத்துக்கு முந்தைய கதை, எனக்கே நினைவில்லை. என் மேல் அவ்வளவு அக்கறை.

ஜனவரி 27, திங்கள்

நாக்பூர் குளிர் இன்னும் விடவில்லை. இரண்டாம் மாடி, வெயில் எட்டிப் பார்க்கவே பத்து மணி ஆகிறது. இவருக்கு மின்நிலையத்தில் காலை ஷிஃப்ட். ஐந்தரைக்கே கிளம்பிவிட்டார். வாசல் கிரில்லை வெளியே பூட்டி, சாவியை எடுத்துப் போய்விட்டார். பூட்டு சரியில்லை, திருட்டு பயம் அதிகம் என்கிறார். இந்திப் பேச்சு எனக்கு அரைகுறை, யாராவது கதவைத் தட்டினால் என்ன பதில் சொல்வேன்? அதுவும் நியாயம்தான்.

குளியலறைத் தாழ்ப்பாளையும் கழற்றிவிட்டார். உள்ளே மயங்கி விழுந்தால் எப்படித் திறப்பது என்று கேட்டார். எனக்கு இதுவரை மயக்கம் வந்ததில்லை. படுக்கையறைத் தாழ்ப்பாளும் அன்றே போயிற்று. மரத்தில் நாலு ஓட்டை மட்டும் இருக்கிறது.

இன்று ஜன்னல் பக்கம் செய்தேன். மலையூர் ஒன்று. திறக்கிற ஜன்னல்கள் வரிசையாக, ஒவ்வொன்றிலும் ஒரு ஆள். ஒருத்தி தலை வாருகிறாள், ஒருவன் டீ குடிக்கிறான். இவர் வந்து எல்லா ஜன்னலையும் திறந்து பார்த்துவிட்டு, டீ குடிக்கிறவன் யார் என்று கேட்டார். பத்திரிகையில் வந்த காபி விளம்பரத்திலிருந்து கிழித்தது என்றேன். அந்த ஜன்னலைப் பசை வைத்து மூடிவிட்டார்.

பிப்ரவரி 1, சனி

பொங்கலுக்கு அண்ணன் பேசியபோது கிரில் பூட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னேன். அவன் நல்லது செய்வதாக நினைத்து இவரிடமே அதைச் சொல்லிவிட்டான். அதன்பிறகுதான் என் போன் பழுதாகி, சிம் இல்லாத இந்தப் போன் வந்தது. இதை ஏன் இன்று எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

புதுப் பக்கம் ரயில். என் பக்கங்களிலேயே இதுதான் கெட்டிக்காரப் பக்கம். ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பட்டையை இழுத்தால் ரயில் நாக்பூரை விட்டுக் கிளம்பி, பாலத்தில் ஏறி, கடற்கரையில் போய் நிற்கும். பட்டை மாட்டிக்கொள்ளாமல் ஓட நான்கு தடவை பிரித்து ஒட்டினேன். பின்னணிக்கு இங்கிலீஷ் பேப்பரிலிருந்து ஒரு துண்டு கிழித்து ஒட்டினேன். தெற்கே போகிற ஒரு ரயிலின் அறிவிப்பு. புதன்கிழமை, சாயங்காலம் நாலு மணி என்று போட்டிருந்தது. எழுத்து நல்ல கறுப்பாக இருந்ததால் எடுத்தேன், வேறு ஒன்றும் இல்லை.

இவர் பட்டையை இழுத்தார். ரயில் போயிற்று. தள்ளினார், திரும்பி வந்தது. அந்தத் துண்டைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார்.

பிப்ரவரி 4, செவ்வாய்

இவர் காலை ஐந்தரைக்குப் போனவர் ராத்திரி பத்துக்கு மேல்தான் வந்தார். கூட வேலை பார்ப்பவரோடு ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு இன்றே இரண்டையும் பார்த்துவிட்டாராம். நாளை வீட்டில் இருக்கப் போகிறார். என்ன விசேஷம் என்று கேட்டேன். “சும்மா, உன்கூட இருக்கலாம்னு” என்றார்.

பிப்ரவரி 5, புதன்

காலையில் இவர் கூடத்து நாற்காலியைத் தூக்கி வாசலுக்கு உள்ளே போட்டு உட்கார்ந்தார். பேப்பர் படித்தார், போனில் கிரிக்கெட் பார்த்தார், பாட்டுக் கேட்டார். இட்லி கேட்டார், அங்கேயே சாப்பிட்டார். நல்ல குஷியில் இருந்தார். நான் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தேன். எதற்காக உட்கார்ந்திருக்கிறார் என்று மத்தியானம் வரை எனக்குப் புரியவில்லை. அப்புறம் மேஜை மேல் அந்த நோட்டு ரயில் பக்கம் திறந்து கிடப்பதைப் பார்த்தேன்.

நாலு மணி ஆயிற்று. நாலேகால் ஆயிற்று. எழுந்து நாற்காலியைப் பழைய இடத்தில் போட்டுவிட்டு, “ரயில் போயிடுச்சு மாரி” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். என்னைக் கூப்பிட்டு மேஜை இழுப்பறையிலிருந்து பேனா எடுக்கச் சொன்னார்.

இழுப்பறையில் வலது கை விரல்கள் நசுங்கிவிட்டன. என் கவனக்குறைவு. இதை இடது கையால் எழுதுகிறேன்.

பிப்ரவரி 8, சனி

வீக்கம் வடியவில்லை. இவரே மஞ்சள் பற்றுப் போட்டுவிட்டார். சோறு பிசைந்து ஊட்டினார்.

ஒன்று மட்டும் மண்டையைக் குடைகிறது. நான் எங்கும் போகிறதாக நினைக்கவே இல்லை. அது வெறும் காகித ரயில். இவர் நாள் முழுக்கக் காவல் இருந்த பிறகுதான், அட, இது நடக்கக்கூடிய காரியம் போலிருக்கிறதே என்று எனக்கே தோன்றியது. பூட்டின வீட்டுக்குள் இருக்கிற நான்தான் பயந்தவள் என்று நினைத்தேன். சாவி வைத்திருக்கிறவரும் பயந்துபோய்த்தான் இருக்கிறார்.

பிப்ரவரி 11, செவ்வாய்

இதுவரை இந்த டைரியை ஒளித்து வைத்ததில்லை. அதற்குத் தேவையும் இருந்ததில்லை. இவர் தாத்தா காலத்திலேயே நாக்பூர் வந்துவிட்ட குடும்பம். தமிழ் பேசுவார், ஒரு எழுத்துப் படிக்கத் தெரியாது. என்ன எழுதுகிறாய் என்று கேட்டால் சமையல் குறிப்பு என்பேன், விட்டுவிடுவார். படத்தைத்தான் படிப்பார்.

இன்று சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: “இப்பல்லாம் எந்த பாஷையா இருந்தாலும் போன காட்டினாப் போதும், இங்கிலீஷ்ல சொல்லிடுமாம்.” சொல்லிவிட்டு டைரியை எடுத்தார். மோரை ஊற்றுகிறேன் என்று தண்ணீரை ஊற்றினேன். போனை மேலே பிடித்துக் காத்திருந்தார். அப்புறம் புருவத்தைச் சுருக்கினார். என் கோழிக் கிறுக்கலும் இடது கை எழுத்தும் போனுக்குப் பிடிபடவில்லை. ஆடு, மாமா, உப்பு, செவ்வாய் என்று என்னவோ உளறியதாம். “சமையல் குறிப்புல எதுக்கு மாமா?” என்று கேட்டார். கொத்தமல்லிக்கு எங்கள் ஊரில் அப்படி ஒரு பெயர் உண்டு என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

டீச்சர் என் கையெழுத்துக்காக எத்தனை தடவை முட்டி போட வைத்தார். அது ஒரு நாள் என்னைக் காப்பாற்றும் என்று யார் கண்டது?

பிப்ரவரி 12, புதன்

இன்று நான் சாம்பார் வைத்தேன். என் கணவர் மிகவும் நல்லவர். அவர் எனக்குப் பழங்கள் வாங்கித் தருகிறார். நான் மகிழ்ச்சியாக இருக்கிறேன்.

பிப்ரவரி 13, வியாழன்

நேற்று எழுதியதை அச்செழுத்துப் போல நிறுத்தி நிறுத்தி எழுதினேன். ராத்திரி போனைக் காட்டினார், அது அழகாகப் படித்தது. முகம் மலர்ந்துவிட்டது. இன்று ஒரு பெட்டி ஆரஞ்சு வந்திருக்கிறது.

ஆரஞ்சை உரித்துக்கொண்டே அழுதேன். என்னிடம் இருப்பதை இவருக்குக் காட்டாமல், இவர் பார்க்க விரும்புவதைக் காட்டக் கற்றுக்கொண்டுவிட்டேன். அது எனக்கு இவ்வளவு சுலபமாக வந்ததுதான் பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 17, திங்கள்

இவருக்கு மாற்றல் வந்திருக்கிறது. கேட்டு வாங்கிய மாற்றல். சுரங்கத்துப் பக்கம், காட்டுக்குள் குவார்ட்டர்ஸ். மார்ச் பத்தாம் தேதி போக வேண்டும். பக்கத்து வீடே கூப்பிடு தூரத்தில் இல்லையாம், போன் சிக்னல் கிடையாதாம். இதையெல்லாம் நல்ல செய்தி சொல்கிற மாதிரிச் சொன்னார். “அங்க நம்ம ரெண்டு பேர்தான். ஒரு தொந்தரவும் இருக்காது” என்றார்.

நான் சரி என்றேன். இனி மழுப்பாமல் எழுதுகிறேன்: அந்தக் காட்டுக்கு நான் போனால் திரும்பி வரமாட்டேன்.

பிப்ரவரி 20, வியாழன்

அண்ணனிடம் போக முடியாது, அவனே பிடித்துக் கொடுத்துவிடுவான். எனக்கென்று இருப்பவள் ஷகிலாதான். அச்சகத்தில் என் பக்கத்து மேஜை. இப்போது பள்ளிபாளையத்தில் ஒரு நோட்டுப் புத்தகக் கம்பெனியில் பைண்டிங் பார்க்கிறாள். அவள் நம்பர் எனக்கு மனப்பாடம். இவரிடம் அவள் பெயரைக்கூட நான் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்று இப்போது யோசித்தால், என் மனசு எனக்கு முன்னாலேயே எதையோ தெரிந்து வைத்திருக்கிறது.

சரி, நம்பர் இருக்கிறது. பேச வழி? மேல் மாடியில் வந்தனா அக்கா இருக்கிறாள். மராத்திக்காரி. காலையில் காய்கறி வண்டி வந்ததும் கயிற்றில் கூடையை இறக்குவாள். அது என் சமையலறை பால்கனிக் கம்பியை உரசிக்கொண்டு கீழே போகும், காயோடு மேலே ஏறும். கம்பிக்கு வெளியே என் கை போகும். அந்த நேரத்தில் இவர் வேலையில் இருப்பார்.

அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு மராத்தி தெரியாது. இந்தியில் எனக்கு எழுத வராது. ஆனால் படம் யாருக்கும் புரியும்.

பிப்ரவரி 24, திங்கள்

ஆரஞ்சுப் பெட்டி அட்டையில் ஒரு சின்னப் பக்கம் செய்தேன். எங்கள் கட்டடம், மூன்று மாடி, பக்கத்தில் படிக்கட்டு. இரண்டாம் மாடி ஜன்னலைத் திறந்தால் நான் நிற்கிறேன். பட்டையை இழுத்தால் என் கை கம்பிக்கு வெளியே வரும். விரல்களுக்குச் சிவப்புப் பூசினேன். வாசல் கதவுக்கு வெளியே பெரிய பூட்டு, அதைத் தூக்கினால் பின்னால் ஒரு ஆண் செருப்பு. இவ்வளவுதான். பொங்கல் வாழ்த்து அட்டை மாதிரி இருந்தது, பார்க்க அவ்வளவு லட்சணம்.

கூடை மேலே ஏறும்போது கொத்தமல்லிக்கு அடியில் செருகினேன். கயிறு ஒரு நொடி நின்றது, அப்புறம் ஏறிவிட்டது. அவள் இவரிடமே அதைக் காட்டிவிட்டால்? அண்ணன் மாதிரி, நல்லது செய்வதாக நினைத்து?

இவர் வந்தபோது மாடிப்படியில் வந்தனா அக்கா குரல் கேட்டது. இவர் ஏதோ பதில் சொல்லிச் சிரித்தார். அடுப்பை அணைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே வந்து, தண்ணீர் மோட்டாரைப் பற்றிக் கேட்டாள் என்றார்.

பிப்ரவரி 25, செவ்வாய்

கூடை கீழே இறங்கும்போது என் கம்பிக்கு நேராக நின்றது. உள்ளே என் அட்டை.

அட்டையில் நான் வரைந்திருந்த படிக்கட்டில் அவள் ஸ்டிக்கர் பொட்டுகளை ஒட்டியிருந்தாள். மூன்றாம் மாடியிலிருந்து ஆரம்பித்து, ஒரு படிக்கு ஒரு பொட்டு, வரிசையாக என் கதவு வரை.

அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு மனுஷிக்கு என்னைப் புரிந்துவிட்டது. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபின் எனக்குக் கிடைத்த முதல் பதில் இதுதான். அப்புறம் அட்டையை நனைத்துக் கூழாக்கிக் குப்பையில் போட்டேன், மனசே இல்லாமல்.

பிப்ரவரி 28, வெள்ளி

வந்தனா அக்காவும் காலேஜ் படிக்கிற அவள் மகள் ருச்சாவும் காலையில் கிரில்லுக்கு வெளியே வந்து நின்றார்கள். ருச்சாவின் இங்கிலீஷும் என் பன்னிரண்டாம் வகுப்பு இங்கிலீஷும் எப்படியோ ஒட்டிக்கொண்டன. ஷகிலா நம்பரைச் சொன்னேன். ருச்சா அங்கேயே நின்று போன் போட்டு என்னிடம் நீட்டினாள். ஷகிலா குரலைக் கேட்டதும் அழுதுவிட்டேன். “ஏ மாரி, அழுறத வந்து அழு. மொதல்ல கெளம்புற வழியப் பாரு” என்றாள்.

பூட்டுக்காரரைக் கூட்டி வந்து பூட்டை உடைக்கலாம், வந்தனா அக்காவின் தம்பி காரில் கொண்டுபோய் வேறு ஊர் ஸ்டேஷனில் ரயிலேற்றிவிடுவார் என்றார்கள். ஆனால் கார் அரை நாள் ஓட வேண்டும். இவர் இரண்டு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து வந்துவிடுவார். வழியிலேயே பிடித்துவிடுவார். எனக்கு ஒரு முழு நாள் வேண்டும்.

ஒரு முழு நாள் எப்படிக் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். புதன்கிழமை காவலுக்காக இவர் செவ்வாய்க்கிழமை இரண்டு ஷிஃப்ட் பார்த்தாரே.

மார்ச் 2, ஞாயிறு

இவருக்காகவே ஒரு பக்கம் செய்திருக்கிறேன். இவ்வளவு கவனமாக எதையும் ஒட்டியதில்லை.

கன்னியாகுமரிப் பக்கத்துக்குப் பின்னால் ரகசியப் பை. அதற்குள் ஒரு சக்கரம், நடுவில் சின்ன ஜன்னல். சுற்றினால் ரயில்கள் வந்து போகும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் சூட்கேஸ் தூக்கிய பெண் ரயில் கதவில் நிற்பாள். அங்கே பேப்பரிலிருந்து கிழித்த இங்கிலீஷ் எழுத்து, வெள்ளிக்கிழமை என்று. கீழே கடல். எல்லாம் இவர் படிக்கக்கூடியவை. பை வாயை ஒட்டிவிட்டேன், ஒரு மூலை மட்டும் லேசாகத் தூக்கி நிற்கிறது. வெளிப்படையாக வைத்தால் சந்தேகப்படுவார். தானாகக் கண்டுபிடித்தால்தான் நம்புவார்.

பயம் இதுதான். பார்த்தவுடனே அடித்துவிட்டால்? போன தடவை அடிக்கவில்லை. ரயில் போகும்வரை காத்திருந்தார். கையும் களவுமாகப் பிடிப்பதில் இவருக்கு ஒரு ருசி இருக்கிறது. அந்த ருசியை நம்பித்தான் என் உயிரை வைத்திருக்கிறேன். வெள்ளி சாயங்காலம் நான் இந்த வீட்டில் இருந்தால் இழுப்பறையோடு நிற்காது.

மார்ச் 4, செவ்வாய்

மூலையை நகத்தால் நெம்பினார். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன், அதனால் கண்ணீருக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. முதுகுப் பக்கம் சக்கரம் சுற்றுகிற சத்தம் கேட்டது. கரக், கரக், கரக். நின்றது. பையைத் திரும்ப மூடி ஒட்டுகிற சத்தமும் கேட்டது.

“சாப்பாடு ரெடியா மாரி?” என்று கேட்டார். குரலில் அந்தக் குஷி இருந்தது.

மார்ச் 5, புதன்

நாளைக்கு டபுள் டியூட்டியாம். வெள்ளிக்கிழமை சும்மா வீட்டில் இருக்கலாம் என்று பார்க்கிறாராம். காலைக் கூடையில் வந்தனா அக்காவுக்கு, நாளை என்று இங்கிலீஷில் எழுதிய சீட்டைப் போட்டுவிட்டேன்.

மார்ச் 6, வியாழன்

காலை. ஐந்தரைக்குப் போய்விட்டார். கிளம்பும்போது என் தலையைத் தடவி, நாளைக்கு நாள் பூராவும் உன்கூடத்தான் என்றார். பைக் சத்தம் தெருமுனை தாண்டும்வரை கிரில்லைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பூட்டுக்காரர் எட்டு மணிக்கு வருவதாகச் சொன்னாராம். ஒன்பது ஆகிவிட்டது, வரவில்லை. இரண்டு புடவை, சான்றிதழ்கள், இந்த டைரி. அவ்வளவுதான் பை.

பைக் சத்தம். கட்டடத்துக்குக் கீழே நின்றது. பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். படியில் காலடி. இந்த வரி கோணுகிறது. காலடி மேலே போய்விட்டது. மூன்றாம் மாடிக்கு வந்த யாரோ. யாராக இருந்தால் என்ன, இவர் இல்லை.

ஜர்னலை மேஜை மேல் வைத்துவிட்டேன். கன்னியாகுமரிப் பக்கத்தை மட்டும் கிழித்துக்கொள்ள ஆசை. கூடாது. அவர் தேட அது இங்கே இருந்தாக வேண்டும். என் கையால் செய்ததிலேயே நல்ல பொருள், நாய்க்கு எலும்பு போடுவதுபோலப் போட்டுவிட்டுப் போகிறேன்.

கிரில்லில் ரம்பம் அறுக்கிற சத்தம்.

மார்ச் 9, ஞாயிறு

பள்ளிபாளையம். எழுத இப்போதுதான் கை வருகிறது.

பூட்டு அறுந்து விழுந்தும் நான் வெளியே வரவில்லை. கிரில் திறந்திருக்கிறது, நான் வாசற்படியில் நிற்கிறேன். பூட்டுக்காரர் என்னைப் பார்க்கிறார், ருச்சா கடிகாரத்தைப் பார்க்கிறாள். வந்தனா அக்கா என் நசுங்கிய கையைப் பிடித்தாள், விரலை விட்டு மணிக்கட்டில் பிடித்தாள். படியில் இறங்கினோம். கார் ஓடிய அத்தனை நேரமும் பின்னால் வந்த ஒவ்வொரு பைக்கும் அவர்தான். ரயிலில் மேல் படுக்கையில் போர்வைக்குள் சுருண்டு, கழிவறைக்குக்கூட இறங்கவில்லை.

ஒன்றைத் திருத்தி எழுத வேண்டும். பிப்ரவரி 5 அன்று கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறேன். இழுப்பறையை அவர் சாத்தினார். இரண்டு தடவை சாத்தினார்.

மார்ச் 11, செவ்வாய்

ருச்சா ஷகிலா போனுக்குப் பேசினாள். வியாழன் ராத்திரி அவர் வந்து பூட்டைப் பார்த்துவிட்டு முதலில் மேல் மாடிக்குத்தான் போயிருக்கிறார். வந்தனா அக்கா தூக்கத்தில் எழுந்தவள் மாதிரிக் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றாளாம். ஜர்னலை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, உன்னிடம் ஏதாவது சொன்னாளா, எந்த ஊர், எந்த ஊர் என்று கத்தியிருக்கிறார். வந்தனா அக்கா ரொம்ப யோசிப்பதுபோல யோசித்துவிட்டுக் கடலில் விரலை வைத்தாளாம். மறுநாள் ரயிலில் ஜர்னலோடு கன்னியாகுமரிக்குக் கிளம்பிவிட்டார்.

ஷகிலா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன், பாதியில் நிறுத்திவிட்டேன். கன்னியாகுமரியும் இதே தமிழ்நாட்டில்தானே இருக்கிறது. நாளைக்கு மகளிர் காவல் நிலையத்துக்குப் போய் எழுதிக் கொடுக்கலாம், தானும் வருவதாகச் சொல்கிறாள். போக வேண்டும். பயந்துகொண்டே போவேன்.

மார்ச் 16, ஞாயிறு

புகார் கொடுத்தாயிற்று. ரசீதும் தந்தார்கள். கம்பெனியில் வேலையும் கிடைத்துவிட்டது, நாலு கோட்டு நோட்டுக்கு அட்டை ஒட்டுவது. விரல் இன்னும் முழுசாக மடங்கவில்லை, ஆனால் பசை தடவ வருகிறது.

இந்த ஊரை யாரும் கனவு காணமாட்டார்கள். தெருவெல்லாம் தறிச் சத்தம், காகித ஆலைப் பக்கமிருந்து காற்று அடித்தால் அழுகின கூழ் வாடை, வாய்க்காலில் என்றைக்கு என்ன சாயம் ஓடுமோ தெரியாது. வெள்ளைக்காரம்மா வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவாள். ஷகிலா ஒரு நோட்டை நீட்டி, “இங்கயும் பக்கம் செய்யேன், தறிய ஆட விடு” என்றாள். மாட்டேன் என்றேன். இந்த ஊரை மட்டும் எந்தக் காகிதத்திலும் ஒட்டமாட்டேன். நான் செய்த அத்தனை ஊரிலும் அவர் என்னைத் தேடலாம்.

இன்று கம்பெனியில் எனக்குத் தனி அறை கொடுத்தார்கள். தகரக் கூரை, ஒரு கட்டில், ஒரு ஜன்னல். சாயங்காலம் வெளியே பைக் ஒன்று வந்து நின்றது. கையிலிருந்த டம்ளர் விழுந்துவிட்டது. யாரோ யாரையோ கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார்கள்.

எழுந்துபோய்க் கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கிறது. போட்டேன். எடுத்துப் பார்த்தேன், கதவு திறந்தது. திரும்பப் போட்டேன்.